பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா?

(ஆண்டு விழாவில் பொருட்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இசையும் நாட்டியமும் பட்டிமன்றமும் திரைக்குப் பின்னே காத்திருக்க, கணக்கு வழக்கைப் பற்றிப் பேசுவதற்கு இம்மேடையிலே இருபது நிமிடம் ஒதுக்கியவர் யார் என்று உங்களிற் பலர் எண்ணக்கூடும். கேட்டு வாங்கியவர்கள் நாங்களேதாம். இச்சங்கத்தின் வரவு செலவை எழுதிவரும் பொருட்குழுவினர் மூவரும் கூடியமர்ந்து இவ்வுரையை எழுதினோம். பேசுகின்ற வாய் ஒன்று. நடந்த பிழையிலே பங்கு மூவருக்கும் உண்டு. ஆதலின் ‘நாங்கள்’ என்றே சொல்லிச் செல்வோம்.

நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள், வருமானவரிப் பிடித்தத்திற்குரிய விதிகளை வணிகக் கணக்கு மென்பொருளிலே அமைக்கும் முறை. டி.டி.எஸ். என்றால் நம் குடியிருப்பிலே அறியாதவர் இல்லை. மாதச் சம்பளம் வாங்குவோர் அதனை ஆண்டுதோறும் அனுபவித்து வருகின்றனர். சம்பளத்திலே பிடிப்பதற்குக் கணக்கு வேறு, விதி வேறு. அதனை இன்று விட்டுவிடுவோம். காண்டிராக்டருக்கும் ஆடிட்டருக்கும் கட்டடச் சொந்தக்காரருக்கும் கொடுக்கும் தொகையிலே பிடிப்பதைப் பற்றியே பேச வந்தோம். இக்குடியிருப்பிலே பட்டறை வைத்திருப்போர் உளர். உணவகம் நடத்துவோர் உளர். சரக்குப் போக்குவரத்து அலுவலகம் நடத்துவோரும் உளர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மாலை வேளைகளில் டாலியைத் திறந்து வைத்துக்கொண்டு பில்களைப் பதிவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ‘எல்லாவற்றையும் அதுவே கணக்கிட்டுக் கொள்ளும்’ என்று அவர்கள் சொல்லக் கேட்டுமிருக்கிறோம். நாங்களும் ஒரு காலத்தில் அவ்வாறே சொல்லி வந்தவர்கள்தாம்.

வரிப் பிடித்தம் என்பது யாது? ஒருவருக்கு நாம் கொடுக்கவேண்டிய தொகையிலிருந்து ஒரு சிறு பங்கை நிறுத்தி, அதனை அவர் பெயரால் அரசாங்கத்திற்குக் கட்டுவது. ஆண்டு முடிவிலே அவர் தம் வரிக்கணக்கைத் தாக்கல் செய்யும்போது, முன்பே கட்டப்பட்ட வரியாக அது அவருக்கு வரவு வைக்கப்படும். ஆகவே அப்பணம் நம்முடையது அன்று. அரசாங்கத்தின் கைக்குச் சென்று சேரும் வரையில் அதனை அரசாங்கத்துடையது என்று சொல்லுவதும் அரைகுறையே. அது வேலை செய்த மனிதனுடைய கூலியின் ஒரு பகுதி. காண்டிராக்டர்களுக்குக் கொடுக்கும் தொகையிலே பிடிக்கவேண்டும் என்ற 194சி பிரிவு 1972-ஆம் ஆண்டில் 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்திலே சேர்க்கப்பெற்றது. வாடகைக்குரிய 194ஐ 1994-இலும், ஆடிட்டர், வழக்கறிஞர், மருத்துவர் போன்றோருக்குரிய 194ஜே 1995-இலும் வந்தன. அக்காலத்திலே குமாஸ்தா ஒருவர் பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, பென்சிலால் கூட்டிக் கழித்து, செலானை நிரப்புவார். பிழை நேர்ந்தால் அது ஒரு பில்லோடு நின்றது. இன்றோ மென்பொருளிலே ஒருமுறை எழுதி வைத்த விதி ஆண்டு முழுவதும் ஓய்வின்றி வேலை செய்கிறது. விதி சரியாக இருந்தால் நூறு பில்களும் சரி; தவறாக இருந்தால் நூறும் தவறு.

‘இது வியாபாரிகளின் தொல்லை, சங்கத்திற்கு இதில் என்ன?’ என்று கேட்போருக்கு ஒரு சொல். சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான எந்தச் சங்கமும் காண்டிராக்டருக்குப் பணம் கொடுக்கும்போது வரி பிடித்தே ஆகவேண்டும். தனி மனிதர் வியாபாரம் செய்தால், முந்தைய ஆண்டு விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டியிருந்தாலன்றி அவருக்கு இக்கடமை இல்லை. சங்கத்திற்கு அந்தச் சலுகையும் கிடையாது. நம் வருமானத்திற்கு வரிவிலக்கு இருக்கலாம். பிறர் வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பிலிருந்து அது நம்மை விடுவிப்பதில்லை. பந்தல், ஒலிபெருக்கி, பேருந்து ஏற்பாடு, விருந்து ஆகிய யாவும் இதில் அடங்கும். சமையல் ஏற்பாட்டைச் சட்டம் பெயர் சொல்லியே ‘வேலை’ என்பதில் சேர்த்திருக்கிறது.

இனி, 2024-ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவில் நடந்ததைச் சொல்லுகிறோம். மூன்று வேளை விருந்துக்குச் சமையல் காண்டிராக்டர் கொடுத்த பில் 1,80,000 ரூபாய். தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து இந்நகரிலே பல ஆண்டுகளாய்த் தொழில் செய்பவர், தனி மனிதர். தம் மதிப்பீட்டுச் சீட்டின் அடியிலே பான் எண்ணைக் கையால் எழுதிக் கொடுத்திருந்தார். பான் எண்ணிலே நான்காவது எழுத்து ஒரு பொருளுடையது என்பதை உங்களில் எத்தனை பேர் அறிவீர்களோ, அறியோம். அங்கே ‘பி’ இருந்தால் தனி மனிதர், ‘எச்’ இருந்தால் கூட்டுக் குடும்பம், ‘சி’ கம்பெனி, ‘எஃப்’ கூட்டு வணிக நிறுவனம், ‘டி’ அறக்கட்டளை, ‘ஏ’ பலர் கூடிய சங்கம். ஆங்கில எழுத்துப் ‘பி’யின் வளைவை அவர் சற்றே திறந்து எழுதிவிட்டார் போலும், எங்கள் கண்ணுக்கு அது ‘எஃப்’ ஆகத் தெரிந்தது. அவர் கடையின் பெயரும் ‘அண்ட் கோ’ என்று முடிவது. ஆகவே ஐயமின்றி அவரைக் கூட்டு நிறுவனம் என்று மென்பொருளிலே பதிந்தோம். தனி மனிதருக்கு 1 சதவீதம். நிறுவனத்திற்கு 2 சதவீதம். 1,800 ரூபாய் பிடிக்கவேண்டிய இடத்திலே எந்திரம் 3,600 ரூபாய் பிடித்தது. பிடித்ததைப் பிப்ரவரி 7-ஆம் தேதிக்கு முன்பே கட்டினோம். மே மாத இறுதிக்குள் காலாண்டு அறிக்கையும் அனுப்பினோம். எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்று மகிழ்ந்திருந்தோம்.

ஜூலை நடுவிலே அவர் சங்க அலுவலகத்திற்கு வந்தார். கையிலே தம் கணக்கர் கொடுத்த 26ஏஎஸ் அறிக்கை. அதிலே எங்கள் பெயரே இல்லை. சத்தம் போடவில்லை. நாற்காலியிலும் அமரவில்லை. “ஐயா, பிடிச்சது சரிதான். அது போய்ச் சேர்ந்துச்சா?” என்று மட்டும் கேட்டார்.

போய்ச் சேரவில்லை. எழுத்துகளும் இலக்கங்களும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்ததால் அறிக்கை தடையின்றி ஏற்கப்பட்டுவிட்டது. ஆனால் அப்படி ஒரு பான் எண் உலகத்திலே எவருக்கும் இல்லை. பணம் அரசாங்கக் கருவூலத்திலே எவர் பெயரிலும் சேராமல் கிடந்தது. அதே வாரத்திலே சங்கத்திற்கும் ஓர் அறிவிப்பு வந்தது. சரியான பான் இல்லாதவரிடம் 20 சதவீதம் பிடித்திருக்கவேண்டும். ஆகவே 36,000-இல் 3,600 போக மீதி 32,400 ரூபாயும் வட்டியும் சங்கமே கட்டுக என்பது அதன் சாரம். ஓர் எழுத்தின் விலை அது. திருத்த அறிக்கை அனுப்பினோம், சில வாரங்களில் அவருடைய வரவு ஏறியது, கோரிக்கையும் நீங்கியது. எனினும் ஜூலை 31-க்குள் அவர் அந்த வரவு இல்லாமலே ரிட்டன் தாக்கல் செய்ய நேர்ந்தது. பின்னர் டிசம்பருக்குள் திருத்திய ரிட்டன் ஒன்று கொடுத்தார். இரண்டாம் முறைக்குக் கணக்கர் கேட்ட கூலியைச் சங்கம் தருவதா என்று செயற்குழுவிலே ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. கொடுத்தோம். அந்த ஒரு மணி நேரத்திற்காக எங்களிற் சிலர் இன்றும் நாணுகிறோம்.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே மென்பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பொறுமையாய் உட்கார்ந்து பார்த்தோம். டாலியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். பிற மென்பொருள்களிலும் கருத்து ஒன்றே, பெயர்களே மாறும். முதலாவதாக, எஃப் 11 என்ற பொத்தானை அழுத்தி டி.டி.எஸ். வசதியைத் திறந்து, சங்கத்தின் டான் எண்ணை எழுதவேண்டும். பான் வேறு, டான் வேறு. பான் வரி செலுத்துவோருக்குரிய அடையாளம்; டான் வரி பிடிப்போருக்குரியது. நான்கு எழுத்து, ஐந்து இலக்கம், மீண்டும் ஓர் எழுத்து என்ற அமைப்புடையது. இது தவறினால் எல்லாம் தவறும்; ஆனால் ஒருமுறையே எழுதுவதாதலின் பெரும்பாலும் தவறுவதில்லை.

அதன்பின் விதி மூன்று இடங்களிலே பிரிந்து வாழ்கிறது. இதனை உணராமையே பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர் என்பது எங்கள் கருத்து. ‘நேச்சர் ஆஃப் பேமெண்ட்’ என்று திரையிலே காணப்படுவது ஓர் இடம். அங்கே எந்தப் பிரிவு, எத்தனை சதவீதம், எந்தத் தொகைக்கு மேல் என்பவை இருக்கும். பணம் பெறுகின்றவருடைய பேரேடு மற்றோர் இடம். அவர் தனி மனிதரா, கம்பெனியா, பான் எண் யாது என்பவை அங்கே இருக்கும். செலவுக் கணக்கின் பேரேடு மூன்றாவது இடம். ‘விருந்துச் செலவு’ வரிப் பிடித்தத்திற்கு உரியதா, உரியதாயின் எந்த வகை என்பதை அங்கே சொல்லவேண்டும். ஒரு வவுச்சரை எழுதும்போது இம்மூன்றும் சந்திக்கின்றன. சந்தித்தவுடன் தொகை பிறக்கிறது. செலவுப் பேரேட்டிலே ‘ஆம்’ என்று சொல்ல மறந்தால், மற்ற இரண்டும் எவ்வளவு செம்மையாய் இருந்தும் எந்திரம் வாய் திறவாது, எச்சரிக்கவும் செய்யாது. தவறாகப் பிடிப்பதையாவது பாதிக்கப்பட்டவர் வந்து கேட்பார். பிடிக்காமல் விட்டதை எவரும் வந்து கேட்பதில்லை, ஆடிட்டர் ஒருவரைத் தவிர.

பிடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பட்டறை நடத்தும் அன்பர்கள் கேட்கிறார்கள். பிடிக்காத காலத்திற்கு மாதம் 1 சதவீதம் வட்டி. வியாபாரமாக இருந்தால் அந்தச் செலவில் 30 சதவீதம் அவ்வாண்டுக் கணக்கிலே செலவாக ஒப்புக்கொள்ளப்படாது. 10 இலட்ச ரூபாய் கூலி வேலைக்குக் கொடுத்துவிட்டு வரி பிடிக்கத் தவறினால், 3 இலட்சம் இலாபமாகக் கருதப்பட்டு அதற்கு வரி போடப்படும். சிறிய பட்டறைக்கு இது சிறிய அடி அன்று.

வரம்புத் தொகையின் சூட்சுமத்தைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். இங்கேதான் எங்களுக்கு இரண்டாம் பாடம் கிடைத்தது. காண்டிராக்டருக்கு ஒரு பில் 30,000 ரூபாயைத் தாண்டினால் பிடிக்கவேண்டும். தாண்டாவிட்டாலும், ஆண்டு முழுவதற்கும் கூட்டித் தொகை 1,00,000-ஐத் தாண்டினால் பிடிக்கவேண்டும். தாண்டிய பகுதிக்கு மட்டுமன்று; முதல் ரூபாயிலிருந்தே. நம் பந்தல்காரர் ஆண்டுக்கு ஐந்து நிகழ்ச்சிகளுக்கு வருகிறார். ஒவ்வொரு பில்லும் 24,000. நான்கு பில் வரை 96,000, பிடித்தம் இல்லை. ஐந்தாவது பில்லோடு 1,20,000. அப்போது மொத்தத்திற்கும் 1 சதவீதமாக 1,200 ரூபாயை அந்த ஐந்தாவது பில்லிலேயே பிடிக்கவேண்டும். அவர் முகம் சுளிப்பார். முன்கூட்டியே சொல்லி வைப்பது நன்று. நாங்கள் செய்த பிழை வேறு. அவர் பந்தலும் போடுவார், மின்விளக்கும் கட்டுவார். ஆகவே அவர் பெயரிலே இரண்டு பேரேடுகள் திறந்திருந்தோம். பந்தலில் மூன்று பில், விளக்கில் இரண்டு பில். ஒன்றிலே 72,000, மற்றொன்றிலே 48,000. எந்திரம் இருவரைக் கண்டது. இருவரும் வரம்புக்குள் இருந்தனர். மனிதர் ஒருவரே என்பதை அதற்கு யார் சொல்லுவது? ஒரு பான் எண்ணுக்கு ஒரே பேரேடு என்ற கட்டுப்பாட்டை அன்றிலிருந்து வைத்துக்கொண்டோம். செலவைப் பிரித்துக் காட்டவேண்டுமானால் செலவுக் கணக்கிலே பிரித்தல் தகும். மனிதரைப் பிரித்தல் தகாது.

ஆண்டு நடுவிலே புதிய மென்பொருளுக்கு மாறுவோரும் இதே குழியில் விழுவதுண்டு. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கொடுத்த தொகையைக் கொண்டுவந்து சேர்க்காவிட்டால், அக்டோபரிலே எல்லோருடைய கணக்கும் சூனியத்திலிருந்து தொடங்கும். வரம்பு எப்போது தாண்டியது என்பது எந்திரத்திற்குத் தெரியாது. எல்லா வரம்புகளும் ஒரே தன்மையுடையன என்றும் எண்ணிவிடலாகாது. பெரிய வியாபாரிகள் ஒருவரிடமே ஆண்டில் 50 இலட்சத்திற்கு மேல் சரக்கு வாங்கினால் 0.1 சதவீதம் பிடிக்கவேண்டும் என்ற விதியிலே, 50 இலட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே பிடித்தம். 60 இலட்சத்திற்கு வாங்கினால் 10 இலட்சத்திற்கு 1,000 ரூபாய். காண்டிராக்ட் விதியைப் பார்த்து இதனையும் அமைத்தால் 6,000 பிடித்துவிடுவோம்.

பில்லிலே ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டப்பட்டிருந்தால், அதன்மேல் வருமானவரி பிடிக்கவேண்டா என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017 ஜூலையிலே சுற்றறிக்கை விட்டது. ஒரு இலட்சத்திற்கு 5,000 ரூபாய் ஜி.எஸ்.டி. சேர்ந்து 1,05,000 என்றால், பிடித்தம் 1,00,000-க்கு மட்டும். ஜி.எஸ்.டி. பேரேட்டிலும் தவறுதலாய் டி.டி.எஸ். உண்டு என்று குறித்துவிட்டால் எந்திரம் வரியின்மேல் வரி பிடிக்கும். இந்தக் குறிப்பை விரைவாகக் கடந்து செல்கிறோம், ஏனெனில் இதனைப் பெரும்பாலோர் சரியாகவே செய்கின்றனர்.

உங்கள் கையிலே இருக்கும் இந்த மலரையே எடுத்துக்கொள்ளுங்கள். இதனை அச்சிட்டவருக்குக் கொடுத்த பணத்திலே வரி பிடிக்கவேண்டுமா? விடை, காகிதம் யாருடையது என்பதைப் பொறுத்தது. நாம் காகிதம் வாங்கிக் கொடுத்து அவர் அச்சிட்டுக் கொடுத்தால் அது வேலை, பிடிக்கவேண்டும். அவரே காகிதம் வாங்கி நம் விருப்பப்படி அச்சிட்டுக் கொடுத்தால் அது சரக்கு விற்பனையைப் போன்றது. காண்டிராக்ட் விதி பொருந்தாது. அச்சுச் செலவு என்ற பேரேடு ஒன்றே. எந்திரத்திற்கோ காகிதத்தின் வரலாறு தெரியாது. முந்தைய ஆண்டு காகிதத்தை நாமே வாங்கியிருந்து, அடுத்த ஆண்டு அச்சகத்தாரிடமே விட்டுவிட்டால், பழைய விதி தன் பாட்டுக்குப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே ‘அச்சு: காகிதம் நமது’ என்றும், ‘அச்சு: காகிதம் அச்சகத்தாருடையது’ என்றும் இரண்டு செலவுப் பேரேடுகள் வைத்தோம். பெயர் அழகாக இல்லைதான்; பதிபவர் ஒரு கணம் நின்று யோசிக்கிறார், அது போதும்.

‘பிடித்தம் இல்லை’ என்பதிலும் இருவகை உண்டு. பத்துக்கு மேற்படாத சரக்கு வண்டிகளை உடைய லாரிக்காரர் அதற்கான உறுதிமொழியும் பான் எண்ணும் எழுதிக் கொடுத்தால் அவரிடம் பிடிக்கவேண்டா. அதற்காக அவர் பேரேட்டிலே ‘டி.டி.எஸ். பொருந்தாது’ என்று குறித்துவிட்டால், அவருக்குக் கொடுத்த தொகை காலாண்டு அறிக்கையிலிருந்தே மறைந்துவிடும். அப்படி மறைதல் கூடாது; பிடிக்காமற்போனதன் காரணத்தோடு அத்தொகை அறிக்கையிலே இடம்பெறவேண்டும். ஆகவே ‘பொருந்தும், சதவீதம் சூனியம், காரணம் இது’ என்று அமைப்பதே முறை. வருமானவரி அதிகாரியிடம் குறைந்த சதவீதத்திற்குச் சான்றிதழ் பெற்று வருவோருக்கும் இவ்வாறே; சான்றிதழின் எண்ணையும் அது செல்லும் காலத்தையும் தொகையின் எல்லையையும் சேர்த்து எழுதவேண்டும். சான்றிதழ் காலாவதியான பின்னும் பழைய சதவீதமே ஓடிக்கொண்டிருந்ததை ஓர் அன்பரின் கணக்கிலே கண்டோம்.

சதவீதமும் வரம்பும் ஆண்டுக்காண்டு மாறுவன. கொரோனாக் காலத்திலே 14-5-2020 முதல் 31-3-2021 வரை பல பிடித்தங்கள் நான்கில் ஒரு பங்கு குறைக்கப்பட்டு, 1 சதவீதம் 0.75 ஆயிற்று. தரகுக் கூலிக்கு 5 சதவீதமாக இருந்தது 1-10-2024 முதல் 2 ஆயிற்று. 1-4-2025 முதல் ஆடிட்டர் முதலியோருக்குரிய வரம்பு ஆண்டுக்கு 30,000-இலிருந்து 50,000 ஆக உயர்ந்தது. வாடகை வரம்பு ஆண்டுக்கு 2,40,000 என்றிருந்தது, மாதத்திற்கு 50,000 என்று மாறியது. மாதம் 22,000 வாடகை கொடுக்கும் கடைக்காரர் ஒருவர் அதற்கு முன் 10 சதவீதமாக 2,200 பிடிக்கவேண்டியவர். அதற்குப் பின் பிடிக்கத் தேவையில்லாதவர். விதியை மாற்ற மறந்தால், கட்டடச் சொந்தக்காரராகிய ஒரு விதவைத் தாய்க்கு மாதந்தோறும் 2,200 குறைந்தே போய்க்கொண்டிருக்கும். மாற்றும்போதும் ஒரு கவனம் வேண்டும். பழைய சதவீதத்தை அழித்து அதன்மேல் புதியதை எழுதிவிடலாகாது. ‘இந்த நாளிலிருந்து’ என்று தேதியிட்டுப் புதிய வரி ஒன்றைச் சேர்க்கவேண்டும். இல்லையேல், சென்ற மாத வவுச்சரை ஏதோ காரணத்திற்காகத் திறந்து மீண்டும் சேமித்தால், பழைய பில் புதிய விதியிலே கணக்காகிவிடும்.

இவை எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் 1-4-2026 என்ற நாளை எல்லையாக உடையது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்திலே, 536 பிரிவுகளையுடைய 2025-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் அந்நாளிலிருந்து நடைமுறைக்குரியது. 194-க்குப் பின்னே எழுத்துகளை அடுக்கிச் சென்ற பழைய பிரிவுகள் பலவும் 393 என்ற ஒரே பிரிவின் அட்டவணைகளிலே அடங்கின, சம்பளத்திற்கு 392. ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டாண்டு’ என்ற இரட்டைக் கணக்குக்குப் பதிலாக ‘வரி ஆண்டு’ என்ற ஒரே சொல் வந்தது. காண்டிராக்டருக்கு 1 சதவீதம், 2 சதவீதம் என்பது மாறவில்லை, பெயர்ப்பலகையே மாறியது. ஆனால் மென்பொருளுக்குப் பெயர்ப்பலகைதான் முக்கியம். 31-3-2026 தேதியிட்டுப் பதிந்த பில்லுக்கு ஏப்ரலிலே பணம் கொடுத்தாலும், பதிவு, கொடுப்பு இரண்டில் எது முந்தியதோ அதுவே கணக்கு. ஆகவே அது பழைய சட்டத்தின் பிரிவிலே, மார்ச்சுப் பிடித்தமாக, ஏப்ரல் 30-க்குள் கட்டவேண்டியது. அதற்கு மறுநாள் தேதியிட்ட பில் புதிய பிரிவிலே செல்லும். இரு சட்டத்திற்கும் தனித்தனி வகைகளை வைத்து, பழையவற்றை அழிக்காமல் மூடி வைக்கவேண்டும் என்று எங்கள் ஆடிட்டர் சொன்னார், அவ்வாறே செய்தோம். பழைய காலாண்டுக்குத் திருத்த அறிக்கை அனுப்ப நேர்ந்தால் பழைய எண்ணே வேண்டுமன்றோ?

கட்டும் தேதியைப் பற்றி ஒரு சொல்லோடு நிறுத்துகிறோம். மார்ச்சு தவிர மற்ற மாதங்களிலே பிடித்தது மறுமாதம் 7-ஆம் தேதிக்குள் சேரவேண்டும். பிடித்துவிட்டுக் கட்டத் தாமதித்தால் வட்டி மாதம் 1½ சதவீதம்; மாதத்தின் பகுதியும் முழு மாதம். ஜனவரி 31-இல் பிடித்த 1,800 ரூபாயைப் பிப்ரவரி 8-இல் கட்டினால், தாமதம் ஒரே நாள் என்று நாம் எண்ணுவோம். ஜனவரி ஒன்று, பிப்ரவரி ஒன்று என இரண்டு மாதக் கணக்கிலே 54 ரூபாய் வட்டி வரும். காலாண்டு அறிக்கை தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய். பிடித்த வரித்தொகை வரையில் ஏறும். தொகை சிறிதெனினும் இது சங்கத்தின் பணம். உறுப்பினர்களின் சந்தாவிலிருந்து போவது. பிடித்ததை ஒரு மாதம் வைத்திருந்து அவசரச் செலவுக்குப் புரட்டிக் கொள்ளலாம் என்ற எண்ணம் எந்தப் பொருளாளருக்கும் ஒருமுறையேனும் தோன்றும். எங்களுக்கும் தோன்றியதுண்டு. அதற்காகவே ‘டி.டி.எஸ். கட்டவேண்டியது’ என்ற பேரேட்டின் நிலுவையை மாதக் கூட்டத்திலே வங்கி இருப்போடு சேர்த்துப் படிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினோம்.

மற்றொரு பக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. இம்மலரின் பின்னட்டைக்கு விளம்பரம் கொடுத்த நிறுவனம் ஒன்று ஒரு முறை 40,000 ரூபாயிலே 2 சதவீதமாக 800 பிடித்துக்கொண்டு 39,200 அனுப்பியது. நாங்கள் 39,200-ஐ மட்டும் வரவு எழுதிவிட்டு மறந்துபோனோம். 40,000 வரவு, 800 வரவேண்டிய வரி என்று எழுதியிருக்கவேண்டும். ஆடிட்டர் கண்டுபிடித்ததால் பணம் திரும்பியது. பிறர் நம்மிடம் பிடித்ததைக் காட்டும் அறிக்கையை ஒவ்வொரு காலாண்டிலும் திறந்து பார்ப்பதென்று அப்போது முடிவு செய்தோம். சமையல் காண்டிராக்டரின் கேள்வியை நாங்களும் ஒருவரிடம் கேட்கவேண்டிய நிலை வந்தபோதுதான் அதன் எடை எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது எவருடைய பேரேட்டையும் திறக்குமுன் பான் அட்டையின் நகலைக் கேட்டு வாங்குகிறோம். கையால் எழுதியதை ஏற்பதில்லை. எண்ணை ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றொருவர் அட்டையைப் பார்த்து உரக்கப் படிக்கிறார். நான்காவது எழுத்தும், நாங்கள் தேர்ந்த வகையும் பொருந்துகின்றனவா என்பதை மூன்றாமவர் பார்க்கிறார். அறிக்கை அனுப்பிய பின் சான்றிதழை இறக்கி, உரியவர் கையிலே நேரில் கொடுத்து, ‘உங்கள் கணக்கிலே ஏறியிருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்கிறோம்.

இன்று மதியம் பந்தியிலே உங்களுக்குப் பரிமாறப் போகின்றவர் அதே சமையல் காண்டிராக்டர்தான். சென்ற ஆண்டுச் சான்றிதழை அவரிடம் கொடுத்தபோது, அதனைத் திருப்பி நான்காவது எழுத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இவ்வாண்டு பில் இன்னும் வரவில்லை. வந்தவுடன் 1 சதவீதம் பிடிப்போம் என்று அவருக்குச் சொல்லியாயிற்று.